மாமாவின் காலிக் கட்டம்

என் அக்கா வீட்டுக்காரரை அலுவலகத்தில் எல்லோரும் மூலவர் என்றுதான் சொல்வார்கள். நேரில் அல்ல, முதுகுக்குப் பின்னால். பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்லப்படும். ஒன்று மரியாதையானது. எங்கள் பேருந்து நிறுவனத்தின் கணினி வேலை முழுவதற்கும் மூலம் அவர்தான், மூன்றாம் மாடியில் இருக்கிற குளிர்பதன அறையை விட்டு அசைய மாட்டார், வேண்டியவர்கள்தான் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அவர் நாற்காலியில் கிடக்கும் நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தையைப் பார்த்தவர்கள் சொல்வது. அதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை. மூலம் என்றால் மூலம்தான்.

எனக்கு அவர் மாமா. நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். தன் சிபாரிசில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பரீட்சை எழுதித் தேறியது நான். அவர் செய்தது, பரீட்சை நடந்த கட்டடத்தின் வாசல்வரை வந்து "பதறாம எழுது" என்றது மட்டும்தான். அதற்கே எனக்கு ஆயுள் முழுக்க நன்றிக்கடன்.

எந்தப் பேருந்தை யார் ஓட்டுவது, யார் நடத்துநராகப் போவது, யாருக்கு விடுப்பு, யார் வேலையை விட்டுப் போகிறார் என்று அத்தனையும் மாமா சி மொழியில் எழுதிய கணினி நிரல் சொல்கிறபடிதான் நடக்கும். தலையில் முடி அடர்த்தியாக இருந்த காலத்தில் எழுத ஆரம்பித்தது. முடி போயிற்று, நிரல் வளர்ந்தது. யாராவது புதிதாக ஒரு விதியைச் சொன்னால் பழையதை அழிக்க மாட்டார், அதன் தலைமேலேயே இன்னொன்றை ஏற்றுவார். அறுந்த செருப்பைக்கூட வீட்டை விட்டு வெளியே போட மனம் வராதவர், நிரலில் மட்டும் எதைத் தூக்கிப் போடப் போகிறார்?

நிரலுக்குள் பெயர்களையும் எண்களையும் போட்டுவைக்க டப்பாக்கள் மாதிரி சில உண்டு. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பெயர் எழுதி ஒட்ட வேண்டும். நல்ல பிள்ளைகள் ஓட்டுநர், வண்டி, தேதி என்று எழுதுவார்கள். மாமா உறவுமுறைகளை எழுதி ஒட்டியிருந்தார். 'மாமியார்' எல்லா இடத்துக்கும் போய்வரும், எல்லாவற்றிலும் தலையிடும். 'சித்தப்பா' ஏகப்பட்ட இடத்தை அடைத்துக்கொண்டு கடைசிவரை எதற்கும் பயன்படாது. 'சம்பந்தி'யைத் தொட்டால் மொத்தமும் நின்றுவிடும். தன்னைத் தவிர யாருக்கும் புரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு, அது பிரமாதமாகப் பலித்தது. படிக்கிறவர்களுக்காக நடுநடுவே குறிப்பும் எழுதியிருந்தார். எங்கே பார்த்தாலும் ஒரே குறிப்புதான்: 'இங்கே கை வைக்காதே.'

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் வாய்தான். என்ன கெட்டுப்போனாலும், "ப்ரோகிராம்ல தப்பு வராது. நீங்க குடுத்த டேட்டால தப்பு" என்பார். ஒருமுறை இறந்துபோன ஓட்டுநர் ஒருவருக்கு மறுநாள் காலை முதல் வண்டியை ஒதுக்கி, ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு அவர் வீட்டுக்குக் கடிதமும் போய்விட்டது. அந்த அம்மா அழுதுகொண்டே என் மேஜைக்கு வந்தார். நான் மேலே ஓடினேன். மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவர் செத்ததை எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கா வீட்டுக்காரரை அடிக்கவா முடியும்?

அந்த அறையில் அவருக்கு அப்படி என்ன இருந்தது என்றால், எல்லாம் இருந்தது. தேநீர் இருக்கைக்கே வரும். மேலாளர்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார்கள். அதே மனிதருக்கு வீட்டில் துண்டு எந்தக் கொடியில் காய்கிறது என்று தெரியாது. சட்டையில் பொத்தான் அறுந்தால் அந்தச் சட்டையையே மறந்துவிடுவார். அக்கா ஒருமுறை மகள் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பார்த்தாள். போன மறுநாளே அடுப்பை எரியவிட்டுவிட்டுத் தூங்கி, பக்கத்து வீட்டார் கதவை இடித்துத் திறக்கிற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். அக்கா போன ரயிலிலேயே திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவரைத் தனியாக விடுகிற பேச்சே இல்லை.

மகள் இருப்பது வேறு ஊரில். மருத்துவமனையில் செவிலி, பகலும் இரவும் மாறி மாறி வரும் வேலை. கணவன் கப்பலில். பெண்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களின் சோபாவிலேயே புத்தகப்பையோடு தூங்கிப்போகும். மகள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்வீடு காலியானதும் அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் நல்லவர், பள்ளிக்கூடம் மறுபடி திறக்கும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரும் காத்திருக்க மாட்டார். அக்காவுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அந்தக் கீழ்வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை வரும்போது கதவைத் திறக்க ஆள் இருக்க வேண்டும். அதற்கு மாமா வேலையை விட வேண்டும்.

"நான் ராஜினாமா குடுத்துட்டேன், தெரியுமா?" என்பார் மாமா, மார்பில் கை வைத்துக்கொண்டு. "அவங்கதான் விடமாட்டேங்கறாங்க. நான் என்ன பண்றது?"

கொடுத்திருந்தது என்னவோ உண்மைதான். கொடுத்த விதத்தில்தான் கில்லாடித்தனம். எங்கள் நிறுவனத்தில் வேலையை விடுகிறவர் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'பொறுப்பு ஒப்படைக்கப்படுபவர்' என்று ஒரு கட்டம். அங்கே ஒரு பெயர் விழுந்தால் மறுநாள் காலையே விடுவிப்பு ஆணை தானாக அச்சாகிவிடும். பெயர் தெரியாதவரை விண்ணப்பம் அப்படியே நிலுவையில் நிற்கும். மற்றவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது. மாமா தன் பணியாளர் எண்ணுக்கு மட்டும் ரகசியமாக ஒரு கதவு வைத்து, கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை உள்ளே தள்ளியிருந்தார். ஏன் காலி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "எனக்கு அடுத்த ஆள் இன்னும் பொறக்கலை மாப்ளே."

இப்படியாக அந்த ஒரு காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் பிழைப்பு நடத்தினார். வீட்டில், நான் கொடுத்துவிட்டேன், அவர்கள் விடவில்லை. அலுவலகத்தில் யாராவது குரலை உயர்த்தினால், "என் ராஜினாமா உள்ளதான் சார் இருக்கு. ஒரு பேரைத் தட்டினா போதும்." உடனே அவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாதா மாதம் நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் என் மேஜைக்கு வரும். நான் அதை அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "எனக்குத் தெரியாதாடா? இவர் எதையாவது முழுசா செஞ்சு நான் பார்த்ததில்லையே" என்றாள்.

இந்த நிலையில்தான் புதிய பொது மேலாளர் வந்து சேர்ந்தார். மெதுவாகப் பேசுகிறவர், அதனாலேயே ஆபத்தானவர். மாமாவின் நிரல் உட்கார்ந்திருந்த தரவுத்தளம், அதாவது விவரமெல்லாம் தங்கும் கிடங்கு, வெகு பழசு, அதைப் பழுது பார்க்க ஆளே கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். மாமா வழக்கப்படி ராஜினாமாவை உருவினார். பொது மேலாளர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஐயோ சார், உங்களை மீறி இங்க யாரு? நீங்களே மாத்துங்க. கையாளா ஒருத்தங்களை மட்டும் அனுப்பறேன்."

மாமா குளிர்ந்துபோய்விட்டார். அதற்குள் கணக்கும் போட்டுவிட்டார். மாற்றும் வேலை முடியாதவரை அவரை யாராலும் அசைக்க முடியாது. முடிய வேண்டுமா வேண்டாமா என்பது அவர் கையில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவிடம், "இந்த வேலை முடிஞ்சதும் கிளம்பிடலாம்" என்று சத்தியமே செய்தார். அவர் சத்தியம் செய்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, கீழ்வீடு போச்சு என்று.

உதவிக்கு வந்தவர் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு பொறியாளர் அம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், காதோரம் நரை. அவரை மாமா "பாப்பா" என்று கூப்பிட்டார். பொறியாளர் அம்மா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் நின்றால் வேலை ஆகாது என்று முடிவு செய்தவர் போலக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சில நாட்கள் கழித்து என்னைத் தேடிக் கீழே வந்தார்.

"சார், அவரோட மச்சான் நீங்கதானா?"

"ஆமாங்க. ஏன்?"

"ப்ரோகிராம்ல பார்க்கற இடத்துலெல்லாம் மச்சான்னு ஒண்ணு வருது. அது எதுக்குன்னு கேட்டா, கீழ போய் அவனையே கேளுங்கன்னு சிரிக்கிறாரு."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. "அப்படியா? உள்ள என்ன இருக்கு?"

அந்த அம்மா தயங்கினார். "குப்பைதாங்க. ஆரம்பத்துல எதுவும் போட்டு வைக்கல, அதனால ஏற்கெனவே கெடந்தது என்னவோ அதுதான் உள்ள. கைல இருக்கறதை வைக்க எடம் இல்லன்னா இதுல வச்சுக்கறாரு. வேலை முடிஞ்சதும் திரும்பிப் பார்க்கறதில்ல."

என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க மாமாவோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

பொறியாளர் அம்மா வேகக்காரர். மாமா ஒரு பகுதியை இழுத்தடித்தால் அவர் அதற்குள் அடுத்த பகுதியை முடித்துவிடுவார். மாமா தலைவலி என்று படுத்தால் அன்று இரண்டு பகுதி முடியும். இப்படியே போய் வெள்ளோட்டத்துக்கும் நாள் வந்துவிட்டது. உண்மையான பேருந்துகள் இல்லை, காகிதத்தில்தான். புதிய தரவுத்தளத்தில் ஓடவிட்டு மறுநாளுக்கான பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். நடத்துநரே இல்லாமல் ஒரு பணிமனையின் பேருந்துகள் முழுக்கக் கிளம்பிப் போயிருந்தன.

என்ன ஆயிற்று என்று பொறியாளர் அம்மா விளக்கியபோது நானும் அங்கே இருந்தேன். பொதுவாக இந்தப் பேச்சு எனக்குப் புரியாது, ஆனால் இது புரிந்தது.

"பழைய டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்தைக் காலியா விட்டா, 'இன்னும் தெரியல'ன்னு அதுவே எடுத்துக்கும் சார். நடத்துநர் யாருன்னு தெரியல, அதனால வண்டி நிக்கும். புதுசு அப்படி இல்ல. தெரியலன்னா தெரியலன்னு நாமதான் தனியா சொல்லணும். சும்மா காலியா விட்டா, 'பதில் வந்தாச்சு, பதில் காலி'ன்னு எடுத்துக்கும். நடத்துநர் வேண்டாம் போலன்னு வண்டியை அனுப்பிடுச்சு."

"காலின்னா காலி பாப்பா. இதுல என்ன ரெண்டு காலி?" என்றார் மாமா.

"இருக்கு சார். ஒருத்தரைக் கேள்வி கேக்கறீங்க. அவர் இன்னும் வாயே திறக்கலைன்னா அது ஒண்ணு. வாயைத் திறந்து ஒண்ணுமில்லன்னு சொன்னா அது வேற ஒண்ணு."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொள்வது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. "டேட்டால தப்பு" என்றார். நடத்துநர் கட்டத்தை மட்டும் சரிசெய்ய அனுமதித்தார். மற்ற இடங்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பொறியாளர் அம்மா கெஞ்சாத குறையாகக் கேட்டார். முக்கியமாகப் பணியாளர் பகுதி.

"அது மட்டும் முடியாது. பணியாளர் பகுதியில யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம். அதை நானே கொண்டு வந்து சேக்கறேன்."

ஏன் நுழைக்கக்கூடாது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அங்கேதானே அவர் தனக்காக வைத்த கதவு இருக்கிறது.

அன்று அக்கா வீட்டில் சாப்பிட்டேன். மாமா தட்டைப் பார்த்துப் புலம்பிக்கொண்டே இருந்தார். காலியாக இருப்பதும் இல்லாமல் இருப்பதும் வேறுவேறாம், நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள், உலகத்தில் இப்படி ஒரு பித்துக்குளித்தனம் உண்டா என்று கேட்டார்.

"இது கூடவா தெரியல உங்களுக்கு?" என்றாள் அக்கா. "என் பொண்ணு வீட்டுக்குக் கீழ ஒரு வீடு காலியா இருக்கு. பள்ளிக்கூடம் திறந்தா அந்த வீடே நமக்கு இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

மாமா தண்ணீர் குடித்தார். நிறையக் குடித்தார். பிறகு கை கழுவ எழுந்து போய்விட்டார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகள் அன்று காலையும் போன் செய்து, "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

வார விடுமுறை நாளில் புதிய தரவுத்தளத்துக்கு முழுதாக மாறினார்கள். மறுநாள் விடிந்தபோது பேருந்துகள் ஓட்டுநரோடும் நடத்துநரோடும் ஒழுங்காகக் கிளம்பிவிட்டன. அலுவலகத்தில் ஒரே குதூகலம். பொது மேலாளர் பெரிய கேக்காக வாங்கி வரச் சொல்லியிருந்தார். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். இருக்கிற முடிக்குச் சாயம் அதிகம்தான். படியேறிப் போய் அறை வாசலில் அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டுக் காட்டினார். மறுபடியும் சிவப்பு. காவலாளி ஓடி வந்து வாங்கிப் பார்த்தார்.

"கார்டு செத்துப்போச்சு சார்."

"கதவைத் திறய்யா. என் மெத்தை உள்ள இருக்கு."

அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் என் அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியிருந்தது. விடுவிப்பு ஆணை. மாமாவின் பெயர், மாமாவின் பணியாளர் எண், அவரே எழுதி வைத்திருந்த வாசகம். 'இவரது விண்ணப்பத்தை ஏற்று இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' அதற்குக் கீழே, பொறுப்பு ஒப்படைக்கப்படுபவர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கும் கீழே: 'மாற்று ஆள் தேவையில்லை.'

நான் அதை மறுபடி மறுபடி படித்தேன். எனக்கு அடுத்தவன் பிறக்கவில்லை என்று மாமா காலியாக விட்ட கட்டம், புதிய தரவுத்தளத்துக்கு வரும்போது வெறும் காலியாக வந்து சேர்ந்திருக்கிறது. கொண்டு வந்து சேர்த்தவரும் அவரே. இவருக்கு ஈடாக யாரும் இல்லை என்று இவர் எழுதினார். இவருக்கு ஈடாக யாரும் வேண்டாம் என்று அது படித்துக்கொண்டது. முதலில் சிரித்தேன். மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகுதான், மேலே வாசலில் புதுச் சட்டையோடு நிற்கிற மனிதர் நினைவுக்கு வந்தார். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்குப் பாவமாகிவிட்டது.

பொது மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பொறியாளர் அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பெரிய விஷயமே இல்ல சார்" என்றார் பொது மேலாளர், ரொம்ப மெதுவாக. "இவங்க பார்த்துட்டாங்க. ஒரு வரி சேர்த்தா சரியாயிடும். உங்க ஆணையையும் ரத்து பண்ணிடலாம். ஆனா தலைமைக்கு நான் ஒரு காரணம் சொல்லியாகணும். 'என் ப்ரோகிராம்ல தப்பு இருந்துச்சு'ன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கே வந்து உக்காரலாம்."

"ப்ரோகிராம்ல தப்பு இல்ல. டேட்டால தப்பு."

"அந்த டேட்டாவைப் போட்டது யாரு சார்?"

அந்தப் படிவத்தை நிரப்பியவர் மாமா. அதற்குக் கதவு வைத்தவர் அவர். புதிய இடத்துக்குத் தூக்கி வந்ததும் அவர். வாழ்நாளில் முதன்முறையாகப் பழி போட ஒரு ஆள் கிடைக்கவில்லை. என்னைக் கூடத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் பொது மேலாளர். அவர் மாமாவைச் சரியாக எடை போட்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வரிதானே கேட்டார்.

மாமாவை என் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மதிய நேரம். அவர் அந்த நேரத்தில் வீட்டு வாசலில் நின்றதை அக்கா பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பதறி வந்தாள். நடந்ததை நான் சொன்னேன். மாமா காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். "வேலைதானே முக்கியம். தப்பு பண்ணாதவங்க யாரு? தெரியாம பண்ணிட்டேன், இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்னு ஒரு வரி. என்ன கொறஞ்சிடப் போகுது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் பச்சைக் குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

"தெரியாம பண்ணிட்டேனா?" மாமா நிமிர்ந்தார்.

"இல்லன்னா அந்தப் பொறியாளர் அம்மா சொன்னதைக் கேக்கல, அதனால தப்பு வந்துடுச்சுன்னு எழுதுங்க. அதுவும் உண்மைதானே?"

"யார் சொன்னது தப்பு வந்துச்சுன்னு? கட்டம் காலியா இருக்கு. காலின்னா ஆள் வேண்டாம்னு அர்த்தம். ஆள் வேண்டாம்னா ஆணை போகணும். போயிருக்கு. இதுல தப்பு எங்க இருக்கு?"

"அப்ப சரியாத்தான் வேலை செஞ்சிருக்கா?"

"நூத்துக்கு நூறு."

"அப்ப அந்த ஆணையும் சரிதானா?"

மாமா தாளைப் பார்த்தார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றால் அறை போயிற்று, நாற்காலி போயிற்று, தட்டிவிட்டு உள்ளே வருகிற மேலாளர்கள் போனார்கள். இல்லை என்றால் அவர் வாயாலேயே பிழை என்ற சொல் வர வேண்டும். இரண்டில் எது பெரிய இழப்பு என்று அவர் எடை போடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். தாளை இழுத்தார். 'நிரல் எழுதப்பட்டபடியே சரியாக இயங்கியுள்ளது. அதில் பிழை ஏதும் இல்லை. ஆணையை ஏற்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் வலித்தது, அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தார். அக்கா அவர் காலணியைக் கழற்றிவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் போனை எடுத்தாள். எண்ணைத் தப்பாகத் தட்டி, மறுபடி தட்டினாள்.

"கீழ்வீட்டுக்கு நாங்க வர்றோம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு" என்றாள். அந்தப் பக்கம் மகள் கத்தியது எனக்கே கேட்டது. நிஜமாவா, அப்பாவுமா, அப்பாவை எப்படி விட்டாங்க என்று அடுக்கிக்கொண்டே போனாள். அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் அசையவே இல்லை.

"அப்பா எழுதின ப்ரோகிராமே விட்டுடுச்சுடி. அதுல தப்பு வருமா?"

"வராது" என்றார் மாமா, உள்ளே இருந்து.